பந்தெறி வீரர் மாத்தியூசன்

மலையுச்சியில் நிற்பவனைக் காண்போர் பலர். அவன் ஏறிவந்த கரடுமுரடான வழியைக் கண்டோர் சிலரே. ஒரு துறையில் வல்லவர் எனப் பெயர் பெற்றோரின் வாழ்வும் அத்தகையதே. அவர்தம் வெற்றிகளை உலகம் எண்ணிப் போற்றுகிறது. அவ்வெற்றிகளுக்கு வித்தாகிய தோல்விகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் ஈடும் எடுப்புமின்றி விளங்கியவர் கிறிஸ்டி மாத்தியூசன். தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிய முதற்பருவத்தில் அவர் வென்ற ஆட்டங்கள் இரண்டு, தோற்றவையோ பதின்மூன்று. அத்தோல்வியிலிருந்து அவர் எங்ஙனம் உயர்ந்தார் என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.

ஆட்டத்தின் இயல்பு

பேஸ்பால் என்பது அணிக்கு ஒன்பதின்மராக இரண்டு அணிகள் ஆடும் ஆட்டம். சிறு மேடொன்றில் நிற்கும் பந்தெறிவோர், 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கிப் பந்தை எறிவார். கிரிக்கெட் ஆட்டத்திற்போலப் பந்து தரையில் மோதி எழுவதில்லை. எறிந்த கையினின்று நேரே அடிப்பவரிடம் பாய்ந்து செல்லும். உருண்ட மட்டையினால் அதனை அடித்தல் வேண்டும். மும்முறை தவறவிட்டவர் ஆட்டமிழப்பார். பந்தெறிவோர் இலக்குத் தவறி நான்கு முறை எறிவாராயின், அடிப்பவர் யாதொரு முயற்சியுமின்றி முதல் தளத்தை அடைந்துவிடுவார். ஆகவே, பந்தெறிவோருக்கு வேகம் மட்டும் போதாது; நினைத்த இடத்தில் நினைத்தவாறு பந்தைச் செலுத்தும் அடக்கமும் வேண்டும்.

அந்நாட்டில் பெருநகர அணிகள் சேர்ந்து ஆடும் போட்டிக் கழகங்களைப் பெரிய லீகுகள் என்றும், சிறுநகர அணிகள் ஆடுவனவற்றைச் சிறிய லீகுகள் என்றும் வழங்குவர். இளைஞர்கள் முதலில் சிறிய லீகில் ஆடிப் பயில்வார்கள். அங்குத் தேறியவர்களை அக்காலத்தில் பெரிய அணிகள் விலை கொடுத்து அழைத்துக்கொண்டன. எதிர்பார்த்த பயன் கிட்டாவிடின் திருப்பி அனுப்பிவிட்டன. மாத்தியூசன் இவ்விரண்டையும் தம் இருபதாம் வயதிலேயே கண்டவர்.

பிறப்பும் இளமையும்

கிறிஸ்டி மாத்தியூசன் 1880 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12 ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பாக்டரிவில் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் மூத்த மகன். அன்னையார் சமயப் பற்று மிக்கவர். மகன் சமயப் போதகராக விளங்க வேண்டும் என்று விரும்பினார். மகனின் மனமோ பந்தாட்டத்தில் ஈடுபட்டது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதில்லை என்று அவர் அன்னைக்கு உறுதி கூறினார். புகழின் உச்சியை அடைந்த பின்னரும் அவ்வுறுதியைக் கைவிடாது காத்தார்.

பின்னர் அவர் பக்னெல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து பயின்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அகன்ற தோளும் உடைய அவ்விளைஞர் கால்பந்தாட்டத்திலும் பெயர் பெற்றார். மாணவர் தம் வகுப்புக்குத் தலைவராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தனர். இலக்கியக் கழகத்திலும் இசைக் குழுவிலும் அவர் பங்கு கொண்டார். படித்த இளைஞர் பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொள்ளுதல் தகாது எனப் பலர் கருதிய காலம் அது. ஆட்டக்காரர் என்றாலே குடியும் சண்டையும் உடையவர் என்னும் எண்ணம் மக்களிடையே பரவியிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்றும் பொறுப்பும் பிற்காலத்தில் அவர் தோள்மேல் விழுந்தது.

தோல்வியே ஆசான்

1899 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து டான்டன் நகர அணியில் அவர் பந்தெறியச் சேர்ந்தார். திங்களுக்கு 90 டாலர் ஊதியம் தருவதாக ஒப்புக்கொண்டனர். ஆனால் அணியோ பொருள் வறட்சியால் தள்ளாடியது. பேசிய ஊதியம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆட்டத்திலும் தோல்வி மேல் தோல்வியே வந்தது. இரண்டு வெற்றியும் பதின்மூன்று தோல்வியும் பெற்றுக் கல்லூரிக்குத் திரும்பினார்.

வேறொருவராயின் அத்துடன் பந்தை எறிந்துவிட்டு வேறு தொழில் நாடியிருப்பர். மாத்தியூசனோ அத்தோல்விக் காலத்திலும் வெறுங்கையுடன் திரும்பினாரல்லர். சிற்றூர் அணிகளில் ஆடிய நாள்களில், உடனாடிய இடக்கையர் ஒருவர் புதுவகையாக ஒரு பந்தை எறிவதை அவர் கண்டார். வலக்கையால் எறியப்படும் வளைபந்து பொதுவாக வலக்கை ஆட்டக்காரரை விட்டு விலகி வளையும். கையை உட்புறமாகத் திருகி எறியும் இப்பந்தோ, அதற்கு மாறாக அவரை நோக்கியே வளைந்து தாழும்; இடக்கையால் ஆடுபவரைவிட்டு நழுவி மறைவதுபோல் விலகும். அதனைக் கண்டுகாட்டிய தோழருக்கு அது தம் வசப்படவில்லை. எங்கே சென்று விழும் என்று அவரே அறியார். பயனற்ற வித்தையென்று மற்றவர் விட்டதை மாத்தியூசன் பற்றிக்கொண்டார். மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் எறிந்து எறிந்து பழகினார். மறைந்து நழுவும் பந்து என்னும் பொருள்படப் பேட்அவே என்று பின்னாளில் பெயர் பெற்ற எறிமுறை அதுவே.

மறு ஆண்டு வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகர அணி அவரை ஏற்றுக்கொண்டது. முந்திய ஆண்டில் தோல்வியே கண்ட அதே கை, இப்பொழுது 20 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தது, தோற்றவை இரண்டே. இச்செய்தி பெருநகரங்களை எட்டியது. 1900 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நியூயார்க்கு ஜயண்ட்ஸ் என்னும் பெரிய லீக் அணி, 1,500 டாலர் விலை பேசி அவரை அழைத்துக்கொண்டது.

ஏற்றமும் இறக்கமும்

நியூயார்க்கில் முதல் நாட் பயிற்சியின்போது, அணித்தலைவர் ஜார்ஜ் டேவிஸ் தாமே மட்டையேந்தி அவர்முன் நின்றார். சிற்றூர்களில் பலரை ஏமாற்றிய பெருவளைவுப் பந்தை மாத்தியூசன் நம்பிக்கையுடன் எறிந்தார். டேவிஸ் அதனை எளிதில் ஓங்கி அடித்தார். இது பெரிய லீகிற்கு உதவாது, விட்டுவிடுக என்றும் அறிவுறுத்தினார். பின்னர் மாத்தியூசன் நழுவும் பந்தை எறிந்தார். டேவிஸ் வீசிய மட்டைக்கு அது அகப்படவில்லை. இதனையே போற்றிப் பயிலுமாறு அவர் கூறினார். தாம் பெரிதென மதித்தது சிறிதாகவும், விளையாட்டாகப் பயின்றது பெரிதாகவும் முடிந்ததை அவ்விளைஞர் அன்று உணர்ந்தார்.

எனினும் உணர்ந்தது கைக்கு வருவதற்குக் காலம் வேண்டுமன்றோ! அவ்வாண்டு ஆறு ஆட்டங்களில் பந்தெறிந்தார். ஒரு வெற்றியும் இல்லை. மூன்று தோல்விகளே எஞ்சின. நியூயார்க்கு அணியினர் மனம் சலித்து அவரை நார்போக்கிற்கே திருப்பி அனுப்பிவிட்டனர். பின்னர்ச் சின்சினாட்டி அணி அவரைத் தெரிந்தெடுத்தது. அவ்வணி அதே ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஏமஸ் ரூசி என்னும் பழம்பெரும் பந்தெறி வீரருக்கு மாற்றாக அவரை மீண்டும் நியூயார்க்கிற்கே கொடுத்துவிட்டது. புகழ்பெற்ற ரூசி அதன்பின் ஓர் ஆட்டத்திலும் வென்றாரல்லர். வேண்டா என ஒதுக்கப்பட்ட மாத்தியூசனோ, 1901 ஆம் ஆண்டில் மட்டும் 20 ஆட்டங்களில் வென்றார்.

அப்பொழுதும் இடையூறு ஒழியவில்லை. 1902 ஆம் ஆண்டில் அவர் ஆட்டம் தளர்ந்தது. அணியை நடத்தியோர் அவரை முதல் தளத்தைக் காக்கும் இடத்திலும் நிறுத்திப் பார்த்தனர். அந்நிலையில் ஜூலைத் திங்களில் ஜான் மக்ரா என்பவர் அணியின் மேலாளராக வந்தார். அவர் கடுமொழியும் முன்கோபமும் உடையவர். ஆயினும் திறமையைத் தேர்ந்து காணும் கூர்ங்கண் வாய்ந்தவர். மாத்தியூசனின் இடம் பந்தெறி மேடே என்று தெளிந்து அவரை அங்கேயே நிலைநிறுத்தினார். இயல்பால் மாறுபட்ட இவ்விருவரும் உயிர் நண்பராயினர். ஓராண்டு இரு குடும்பத்தாரும் ஒரே இல்லத்தில் கூடி வாழ்ந்தனர்.

வெற்றியும் அடக்கமும்

1903 ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, ஆண்டுதோறும் இருபதுக்குக் குறையாத வெற்றிகளை அவர் ஈட்டினார். 1905 ஆம் ஆண்டு உலகத் தொடர்ப் போட்டியில், ஆறே நாள்களுக்குள் மூன்று முழு ஆட்டங்களில் பந்தெறிந்தார். எதிர்த்த பிலடெல்பியா அணியினரை அம்மூன்றிலும் ஓர் ஓட்டமேனும் எடுக்கவொட்டாமல் தடுத்தார். 1908 ஆம் ஆண்டில் 37 ஆட்டங்களில் வென்றார். 1913 ஆம் ஆண்டில், தொடர்ந்து 68 சுற்றுக்கள் வரை அடிப்பவர் எவருக்கும் இலவசமாக முதல் தளத்தைத் தந்தாரில்லை. வேகத்தினும் அடக்கமே சிறந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர் புகழுக்கு அடிப்படையான நழுவும் பந்தினை அவர் அளவுடனேயே கையாண்டார். கையை உட்புறம் திருகுவதால் அது தோளையும் முழங்கையையும் பெரிதும் வருத்தும். ஆதலின் ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் அதனை எறியாது, இன்றியமையாத வேளைக்கென்று காத்து வைத்தார். வலிமையைக் காட்டுவதினும் அதனைச் சேமித்தல் அரிது. இவ்வறிவினாலேயே அவர் கை நெடுங்காலம் தேயாது நின்றது.

பெருவெற்றிகளுக்கிடையே பெருந்தோல்விகளும் வந்தன. 1912 ஆம் ஆண்டு உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் உடனாடியவர் எளிய பந்தொன்றைத் தவறவிட, பாஸ்டன் அணி வென்றது. தோல்வி மாத்தியூசன் கணக்கில் சேர்ந்தது. ஆயினும் பிழைத்த தோழரைப் பழியாத பண்பினர் என்றே அவரை அனைவரும் போற்றினர். பதின்மூன்று முறை தோற்றுத் தளராத இளைஞருக்கு, பிறர் தோல்வியின் வருத்தமும் விளங்கியிருந்தது போலும்!

இறுதி நாள்கள்

1916 ஆம் ஆண்டில் அவர் சின்சினாட்டி அணிக்கு மேலாளரானார். 1918 ஆம் ஆண்டில், தம் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் நேர்மை தவறி ஆடுகிறார் என்று ஐயுற்று, அவரை ஆட்டத்தினின்று விலக்கி வைத்தார். அதே ஆண்டு உலகப் போரில் பங்கு கொள்ளப் படைத்தலைவராகப் பிரான்சு நாடு சென்றார். அங்கே பயிற்சியின்போது நச்சுக் காற்று அவர் நுரையீரலைத் தாக்கியது என்பர். சில ஆண்டுகளில் எலும்புருக்கி நோய் அவரைப் பற்றிக்கொண்டது. நியூயார்க்கு மாநிலத்து மலைகளிடையே உள்ள சாரனாக் லேக் என்னும் ஊரில் தங்கி மருத்துவம் பெற்றார். ஓரளவு தேறியதும் 1923 ஆம் ஆண்டில் பாஸ்டன் அணியின் தலைவர் பொறுப்பை ஏற்றார். உடல் மீண்டும் நலிந்தது. 1925 ஆம் ஆண்டு அக்டோபர் 7 ஆம் நாள், தம் நாற்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். அன்றுதான் அவ்வாண்டின் உலகத் தொடர் தொடங்கியது. மறுநாள் ஆட்டத்தில் ஆட்டக்காரர் கருந்துணி கட்டிக் களமிறங்கித் துயரைப் புலப்படுத்தினர்.

அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் 373. 1936 ஆம் ஆண்டில் பேஸ்பால் ஆட்டத்தின் புகழ்மன்றத்திற்கு முதன்முறையாக ஐவரைத் தேர்ந்தெடுத்தபோது, மாத்தியூசனும் அவருள் ஒருவரானார். ஐவருள் அந்நாளில் உயிரோடில்லாதவர் அவர் ஒருவரே.

புகழ்மன்றத்தில் அவர் பெயரைப் பொறித்தது நியூயார்க்கு நகரத்துப் பேராரவாரம் மட்டுமன்று. ஊதியமும் வெற்றியும் கிட்டாத டான்டன் நகரக் களத்தில், காண்பாரும் புகழ்வாரும் இல்லாத வேளையில், பிறர் கைவிட்ட ஒரு பந்தை ஓர் இளைஞர் மீண்டும் மீண்டும் எறிந்து பழகினாரே, அப்பழக்கமே அப்பெயரைப் பொறித்தது. சிறிய களத்தில் செய்யும் உழைப்பு சிறிதாவதில்லை. தோல்வியைக் கண்டு துவளாமல், அதனிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டு எழுபவரே பின்னாளில் பெரிய களத்தில் நிலைத்து நிற்பர்.