ஒரு நாள் குமாஸ்தா!

திண்டுக்கல் சீமையிலே சேவுகம்பட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. தை மாதம் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுகிற ஊர் அது. அதற்கு அருகில் இருக்கிறது வத்தலக்குண்டு. அங்கே 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ராஜம் ஐயருக்கும் நாகம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வைத்த பெயர் சுப்பராமன். நாடறிந்த பெயர் சுப்பிரமணிய சிவா!

ஏழைக் குடும்பம். வறுமை அவரைத் திருவனந்தபுரத்துக்கு விரட்டியது. அங்கே தர்மச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படித்தார். பிறகு சிவகாசி போலீஸ் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தியோகம் என்றால் சும்மாவா? ஆயுள் முழுவதும் கவலை இல்லை. ஆனால் சிவாவுக்கு அது ஒரு நாளோடு சரி! மறுநாளே உதறிவிட்டு வெளியே வந்தார்.

சமஸ்தானம் விரட்டியது

1906-ல் திருவனந்தபுரத்தில் வாலிபர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். தேசபக்திப் பிரசங்கங்கள் செய்தார். சமஸ்தானம் அவரை ஊரை விட்டே வெளியேற்றியது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இருவரும் அவர்கள் பக்கம் நின்றார்கள். மார்ச் மாதம் இருவரும் கைதானார்கள்.

சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்திர தண்டனை. பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை. அதில் ஒன்று சிவாவுக்கு இடம் கொடுத்து உதவிய குற்றத்துக்காக! பின்னர் மேல் கோர்ட்டு இருவர் தண்டனையையும் ஆறாண்டாகக் குறைத்தது.

சிறை தந்த நோய்

1912-ல் சிவா விடுதலையானார். உள்ளே போனவர் கட்டிளங்காளை. வெளியே வந்தவர் தொழுநோயாளி. இன்று அந்த நோயை மருந்தால் குணப்படுத்திவிடலாம். அன்று அதற்குச் சரியான மருந்து கிடையாது. 1915-ல் மனைவி மீனாட்சியும் காலமானார். கணவரின் துணிச்சலுக்கு அந்த அம்மாள் கொடுத்த விலையை யார் கணக்கிட முடியும்?

போன வழியை நினைத்து சிவா வருந்தினாரா? அவர் செய்த காரியங்களே பதில் சொல்லும். விடுதலையான மறு ஆண்டே 'ஞானபாநு' பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியிலிருந்து பாரதியார் அதற்கு எழுதினார். பிறகு சிவா காவி கட்டினார். 1921-ல் மேடைப் பேச்சுக்காக மறுபடியும் இரண்டரை ஆண்டுத் தண்டனை பெற்றார். வருந்துகிறவன் அதே வழியில் இரண்டாம் முறை நடப்பானா?

கடைசிப் பயணம்

தொழுநோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏறவிடாமல் தடுத்தார்கள். அவர் பயணம் நிற்கவில்லை. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனார். தருமபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார்.

1925 ஜூலையில் நோய் முற்றிய நிலையிலும் மதுரையிலிருந்து பாப்பாரப்பட்டி வந்து சேர்ந்தார். 23-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். நாற்பத்தொரு வயதுகூட நிறையவில்லை. கோயிலை அவர் கண்ணால் காணவில்லை. அந்த ஊரில் பாரத மாதா நினைவாலயம் எழுந்து 2021-ல் திறக்கப்பட்டது.

சிவகாசி ஆபீசிலேயே இருந்திருந்தால் சிவா நெடுநாள் வாழ்ந்து பென்ஷனும் வாங்கியிருக்கலாம். ஆனால் வத்தலக்குண்டு இன்று அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுமா?