டைட்டானிக் தப்பிக்காதுனு கணக்குப் போட்டுச் சொன்னவர்... அதை வடிவமைத்தவரேதான்!

டைட்டானிக்னா உங்களுக்கு ஜாக்கும் ரோஸும்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. அதே படத்துல, கப்பலோட வரைபடத்தை விரிச்சு, இது மூழ்கப்போகுதுனு கேப்டன்கிட்ட ஒருத்தர் சொல்வாரே, கவனிச்சிருக்கீங்களா? அவர் கற்பனை கேரக்டர் இல்லை. பெயர் தாமஸ் ஆண்ட்ரூஸ். டைட்டானிக்கை வடிவமைத்தவர்.

1873-ல் அயர்லாந்தின் கோம்பர் என்ற ஊரில் பிறந்தவர். 16 வயசுல, பெல்ஃபாஸ்ட்டில் இருந்த ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் கம்பெனியில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தார். கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவர் அவருடைய தாய்மாமன் பிர்ரி. அதுக்காக யாரும் அவரை நேரா மேனேஜர் நாற்காலியில உட்கார வைக்கலை. தச்சுப் பட்டறையில் ஆரம்பிச்சு, ஒவ்வொரு பிரிவா அஞ்சு வருஷம் வேலை கத்துக்கிட்டார். கடைசி ஒன்றரை வருஷம்தான் வரைபடப் பிரிவு. 1907-ல் அந்தப் பிரிவுக்கே தலைவரானார்.

டைட்டானிக்கை அவர் தனி ஆளா உருவாக்கலை. மாமா பிர்ரி, சீனியர் அலெக்ஸாண்டர் கார்லைல் ஆகியோரின் பங்கும் அதில் உண்டு. 1910-ல் கார்லைல் ஓய்வுபெற, பொறுப்பு ஆண்ட்ரூஸ் கைக்கு வந்தது. அதே வருஷம் அவருக்குப் பெண் குழந்தையும் பிறந்தது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் முதல் பயணம் கிளம்பியபோது, கம்பெனி ஆட்கள் எட்டுப் பேரோடு அவரும் ஏறினார். குறைகளைக் கண்டுபிடிச்சுக் குறிச்சு வைக்கிறதுதான் வேலை. தொப்பி மாட்டும் கொக்கிகளில் ஸ்க்ரூ அதிகமா இருக்குங்கிறது வரைக்கும் கவனிச்சார்.

ஏப்ரல் 14, இரவு 11.40. கப்பல் பனிப்பாறையில் உரசியது. கேப்டன் ஸ்மித் ஆண்ட்ரூஸைக் கூப்பிட்டார். கப்பலின் அடிப்பகுதி 16 அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. முன்பக்கம் நாலு அறைகள் நிரம்பினாலும் மிதக்கும். ஆனா, அன்னிக்கு அதுக்கும் மேல நிரம்பிக்கிட்டிருந்தது. தடுப்புச் சுவர்கள் மேல்தளம் வரை போகலை. முன்பக்கம் அமுங்க அமுங்க, ஒரு அறையில் நிரம்பிய தண்ணி சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கு வழியும். கப்பலுக்கு இன்னும் ஒண்ணு, ஒன்றரை மணி நேரம்தான்னு அவர் கணக்குப் போட்டார்.

இன்னொரு கணக்கும் இருந்தது. கப்பலில் 2,200-க்கும் மேற்பட்டவர்கள். உயிர்காக்கும் படகுகள் 20, அதில் இடம் 1,178 பேருக்கு மட்டும். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி 16 படகுகளே போதும்!

இதெல்லாம் தெரிஞ்சும் அவர் ஒரு படகைத் தேடி ஓடலை. கேபின் கதவுகளைத் தட்டி, லைஃப் ஜாக்கெட்டோட மேல போகச் சொன்னார். மூழ்கும்னு பலர் நம்பவே இல்லை. அதனால, ஆனி ராபின்சன் என்ற பணிப்பெண்ணை, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு பயணிகள் கண்ணுல படுற மாதிரி நடமாடச் சொன்னார். ஆனி உயிர் பிழைச்சார்.

அதிகாலை 2.20-க்குக் கப்பல் மூழ்கியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். ஆண்ட்ரூஸுக்கு வயசு 39. அவரோடு வந்த எட்டுப் பேரும் திரும்பலை. அவர் உடலும் கிடைக்கலை. மகளுக்கு அப்போ ஒன்றரை வயசுகூட ஆகலை.

படத்துல, கடைசி நேரத்துல அவர் கடிகாரத்தைச் சரிசெஞ்சுக்கிட்டு அமைதியா நிற்பார். புகைபிடிக்கும் அறையில் அவர் தனியா நின்னதை ஒரு பணியாளர் பார்த்தது நிஜம்தான். ஆனா, அதுக்கப்புறமும் அவரை மேல்தளத்தில் பார்த்ததா சொன்னவங்க இருக்காங்க. அங்கே அவர், தண்ணியில தத்தளிக்கிறவங்க பிடிச்சுக்கட்டும்னு நாற்காலிகளைத் தூக்கிக் கடலில் போட்டுக்கிட்டிருந்தாராம்.