ஜிமி ஹென்ட்ரிக்ஸ்

தன் வித்வானை உள்ளூரில் கவனியாத தேசம், அவன் கடல் கடந்து கீர்த்தியுடன் திரும்பியதும் எங்கள் பிள்ளை என்று கொண்டாடும் வேடிக்கையைச் சரித்திரத்தில் பல முறை கண்டிருக்கிறோம். அமெரிக்காவின் ராக் சங்கீத மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் விஷயத்தில் இதற்குப் பிடித்த காலம் சுமார் ஒன்பதே மாதம்.

அவர் 1942-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி ஸியாட்டில் நகரில் ஓர் ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தார். இடக்கை வழக்கமுள்ளவராதலால், வலக்கையருக்கென்று செய்த கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ஸ்வரக் குறிப்புகளைப் படிக்கவும் அறியார். 1961-ல் ராணுவத்தின் பாராசூட் பிரிவில் சேர்ந்து மறு வருஷமே விடுவிக்கப்பட்டார். அப்பால் நாலு வருஷம் பிறருக்குக் கூலி வாசிப்பு. லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி சகோதரர்கள் முதலியோரின் பின்னால் நிற்பதே உத்தியோகம்.

1965-ல் ஒரு பதிவு வியாபாரி நீட்டிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். மூன்று வருஷக் கட்டு. கைக்கு வந்த பிரதிபலன் 1 டாலர். விற்பனையில் நூற்றுக்கு 1 பங்கு. வக்கீல் தொழிலறிந்த நமக்கு இதைப் படிக்கையில் மனம் பதைக்கிறது. ஒரு டாலரும் சட்டத்தின் கண்ணில் பிரதிபலனே; நியாயத்தின் கண்ணில் அதற்கு வேறு பெயர். புகழ் வந்ததும் இந்தக் காகிதம் அவரைத் துரத்தியது. வழக்கைத் தீர்க்க, 1970-ல் வெளியான ‘பாண்ட் ஆஃப் ஜிப்ஸீஸ்’ இசைத்தட்டையே விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

1966-ல் நியூயார்க்கின் ஒரு சிறு காப்பி விடுதியில் அவர் வாசித்ததைக் கேட்டவர் சாஸ் சாண்ட்லர் என்ற ஆங்கிலேயர். ‘அனிமல்ஸ்’ கோஷ்டியைச் சேர்ந்தவர். அவர் அழைத்துச் செல்ல, செப்டம்பர் 24-ந் தேதி ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் இறங்கினார். இரண்டு ஆங்கிலேயர்களுடன் கோஷ்டி அமைந்தது. தம் குரலைப் பற்றிக் கூச்சமுள்ளவர் இப்போது தாமே பாட்டெழுதிப் பாடினார். அவர் இயற்றிய ‘பர்ப்பிள் ஹேஸ்’ 1967-ல் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 3-வது இடத்தைப் பிடித்தது. பிற்பாடு அவர் குடியிருந்த புரூக் தெரு வீட்டுக்கு அடுத்த வீடு, ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே கீர்த்தி பெற்ற ஹாண்டல் வாழ்ந்த வீடு!

1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டரே விழாவில், லண்டன் சரக்காக, அவர் தம் நாட்டு மேடையேறினார். கிதாரைக் கொளுத்தியதைத்தான் பலர் பேசுகிறார்கள். நமக்கோ, தீக்கு முந்திய வாசிப்பே பெரிது. மறு வருஷம் ‘எலெக்ட்ரிக் லேடிலாண்ட்’ அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

1969 ஆகஸ்ட் 18-ந் தேதி காலை, உட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை அவர் கிதாரில் வாசித்தார். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மெட்டின் நடுவே குண்டு விழும் ஓசையும் ஓலமும் எழுந்தன. அவமதிப்பென்று சிலர் சீறினர். அவர் அதை அழகென்றே கருதினார். முன்னாள் சிப்பாய் தம் தேசத்தின் கீதத்தில் அதன் யுத்தத்தையும் கேட்கச் செய்தது துரோகமென்று நாம் ஒப்பமாட்டோம்.

1970 செப்டம்பர் 18-ந் தேதி, தூக்க மாத்திரைகள் மிகுந்து, லண்டனிலேயே இறந்தார். வயது 27. மரண விசாரணை திட்டமான முடிவு கூறவில்லை. உயிலும் எழுதியிருக்கவில்லை. அவருடைய பாட்டுகளின் உரிமை வழக்காடிய தகப்பனார் கைக்கு வந்து சேர்ந்தது 1995-ல்.