பாவ்லோவும் மணியோசையும்

நந்தனத்தை அடுத்த சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களிடம் பாவ்லோவ் என்று சொல்லிப் பாருங்கள். மணி, நாய், உமிழ்நீர் என்ற மூன்று சொற்களும் உடனே வந்து விழும். அப்பெயரே அவர்களுக்கு மணியோசையாகிவிட்டது போலும்! அந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்தோர் குறைவு.

இவான் பெத்ரோவிச் பாவ்லோவ் 1849இல் ருஷ்யாவின் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டதால் பதினோராம் வயதில்தான் பள்ளி சென்றார். குருமடத்தில் பயின்றவர், 1870இல் அதைவிட்டு நீங்கிப் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்கச் சென்றார். 1904இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு செரிமான ஆய்வுக்காகவே, மணியோசைக்காக அன்று.

அந்த ஆய்வின்போதுதான் ஓர் இடையூறு தலைகாட்டியது. உணவு வாயை அடையுமுன்பே, ஊட்டுபவரைக் கண்ட மாத்திரத்தில் நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. மற்றவர்கள் ஒதுக்கித்தள்ளியிருக்கக்கூடிய இச்சிறு செய்திக்குத் தம் எஞ்சிய முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட வாழ்நாளை அவர் கொடுத்தார். மணியைவிடத் தாளக்கருவியும் விளக்கும் தோலின்மீது படும் தொடுகையுமே அவர் கூடத்தில் மிகுதி.

ருஷ்ய மூலச்சொல்லுக்கு ‘நிபந்தனை சார்ந்த’ என்றே பொருள். ஆங்கிலத்தில் அது ‘நிபந்தனைப்படுத்தப்பட்ட’ என்று திரிந்து, நம் பாடநூல்களில் ‘ஆக்கநிலையுறுத்தல்’ ஆயிற்று. மூலச்சொல்லில் இருந்த அடக்கம் இதில் இல்லை. உணவின்றி ஓசையை மட்டும் பலமுறை எழுப்பினால் உமிழ்நீர் வற்றும்; சிறிது ஓய்வுக்குப் பின் எழுப்பினால் மீண்டும் சுரக்கும். பழக்கம் அடங்கியிருக்குமே தவிர, அழிந்துவிடுவதில்லை. மதுவோடு வாந்தி மருந்து கொடுத்துக் குடியை மறக்கச் செய்ய முயன்ற பிற்கால மருத்துவர்கள் இதன் மறுபக்கத்தைக் கண்டனர். வீட்டில் மருந்தின்றிக் குடிப்பவனுக்கு, ஊட்டப்பட்ட அந்த வெறுப்பும் நாளடைவில் தேய்ந்துபோயிற்று.

1914ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று என் மனத்தை விட்டு அகலாதது. வட்டத்தைக் காட்டினால் உணவு, நீள்வட்டத்தைக் காட்டினால் உணவில்லை என்று ஒரு நாய்க்குப் பழக்கினர். நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை நெருங்கச் செய்தனர். அதன் அச்சுகள் ஒன்பதுக்கு எட்டு என்னும் அளவை எட்டியபோது, அமைதியான அந்த நாய் ஊளையிட்டுத் திமிறியது. முன்பு எளிதாகப் பிரித்தறிந்ததையும் மறந்தது. 1924இல் லெனின்கிராட் வெள்ளத்தில் கூண்டின் உச்சிவரை நீந்தி உயிர்தப்பிய நாய்களுள் சில, கற்றதை இழந்தன. பின்னர்க் கதவின் கீழே சிறிது நீரைக் கசியவிட்டபோதே ஒரு நாய் மீண்டும் நிலைகுலைந்தது. அந்த வாயில்லா உயிர்கள் பட்ட பாட்டை அறிவியலின் பெயரால் மறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், எல்லா நாயும் ஒன்றல்ல, அவரவர் இயல்புக்கேற்பவே பயிற்சி பலிக்கும் என்பதைப் பாவ்லோவ் ஒளிக்காமல் சொன்னார்.

1921இல் லெனின் தனி ஆணை பிறப்பித்து அவருக்கு வசதிகள் அளித்தார். உணவு கொடுத்த கையை நோக்கி வாலாட்டும் பழக்கம் மட்டும் பாவ்லோவுக்கு வரவில்லை. ஆட்சியைக் கடிந்து பேசினார், கைதானவர்களுக்காகத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1936 பிப்ரவரி 27இல் தமது 86ஆம் வயதில் மறைந்தார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1950இல், மாஸ்கோவில் கூடிய அறிவியல் மாநாடு அவர் கொள்கையை மீறக்கூடாத வேதமாக்கிற்று. அதற்கு முழுதும் பணியவில்லை என்று பதவி பறிக்கப்பட்டவர்களுள் லியோன் ஓர்பெலியும் ஒருவர். அவர் பாவ்லோவின் நேர் மாணவர்.