கற்பிக்கக் கற்ற அன்னை சாவித்திரிபாய்

நம் இளைஞர்களிடம் சாவித்திரிபாய் பூலே அம்மையாரைப் பற்றிக் கேட்டால், பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சாணமும் சேறும் வீசப்பட்ட செய்தியை உடனே கூறுவர். கறைபட்டதை மாற்றிக்கொள்ள மற்றொரு சேலையை அவர் உடன் கொண்டு சென்றதையும் சொல்வர். அந்த மாற்றுச் சேலையை உடுத்திக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. அவ்வரலாற்றை எழுதப் புகுந்த நாம் வகுப்பறைப் பக்கமே சற்று அதிகமாக நோக்க விரும்புகிறோம்.

மராட்டியத்தில் சாத்தாரா மாவட்டத்து நைகாவ் என்னும் சிற்றூரில், 1831 சனவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். தோட்டப் பயிர் செய்யும் மாலி குலம். ஒன்பதாம் வயதில், 1840இல், புனே நகரத்து ஜோதிராவ் பூலேக்கு மனைவியானார். அன்று அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. கணவரே பலகை பிடித்து எழுத்தறிவித்தார். 1848இல் புனேயின் பிடேவாடா என்னும் மனையில் பெண் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கியபொழுது, அம்மையாருக்கு வயது பதினேழு. வந்து சேர்ந்த சிறுமியரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

ஈண்டு ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தமக்கு எழுதப் படிக்கத் தெரியும், அது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. அகமதுநகரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாரர் அம்மையாரிடமும், புனேயில் மிட்செல் அம்மையார் நடத்திய நார்மல் பள்ளியிலும் முறையாக ஆசிரியப் பயிற்சி பெற்றார். (ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு அக்காலத்தில் நார்மல் பள்ளி என்றே பெயர்.) தான் அறிந்ததைச் சொல்வது வேறு, அறியாத பிள்ளைக்கு அதை விளங்க வைப்பது வேறு என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். நாம் இதைக் காலம் கடந்தே உணர்ந்தோம். நம் சங்கத்தின் இரவுப் பாடசாலை தொடங்கிய நாளில், பட்டம் பெற்ற தம்பி ஒருவர் மிகுந்த ஆர்வத்துடன் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு திங்களில் பிள்ளைகளில் பாதிப்பேர் நின்றுவிட்டனர். பிள்ளைகளின் பெற்றோரைக் கடிந்துகொண்டோமேயன்றி, கற்பித்த முறையை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

தீண்டப்படாத பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கல்வி தருவது ஊராரின் சினத்தைக் கிளப்பவே, 1849இல் ஜோதிராவின் தந்தையார் இருவரையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். பணி நிற்கவில்லை. 1852க்குள் பெண்கள் பள்ளிகள் மூன்று ஆயின. மகார், மாங் சாதிப் பிள்ளைகளுக்கும் தனியே பள்ளிகள் எழுந்தன. இசுலாமியப் பெண்மணியாகிய பாத்திமா அவருக்கு உற்ற துணையாக நின்றார். 1856இல் நோயுற்றுப் பிறந்த வீட்டில் தங்கியிருந்தபொழுது கணவருக்கு எழுதிய கடிதத்தில்கூட, தம் பங்கு வேலையையும் சேர்த்துச் சுமக்கும் பாத்திமாவைப் பற்றியே அம்மையார் கவலைப்பட்டார்.

அவ்வகுப்பறைகளின் பயனை அறிய ஒரு மாணவியைக் குறிப்பிட்டாலே போதும். முக்தாபாய் என்னும் மாங் சாதிச் சிறுமி, மகார், மாங் மக்கள் படும் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா இதழில் வெளிவந்தது. வேதம் தமக்குரியதன்று என்றால் தமக்குரிய சமயம்தான் எது என்று அச்சிறுமி வினவியிருந்தார். ஒப்புவிக்க மட்டும் பழகிய பிள்ளைக்கு இத்தகைய வினா எழாது. தன் சாதியின் துயரத்தைத் தன் சொல்லால் எழுதலாம் என்னும் துணிவை அப்பள்ளி அவருக்கு அளித்திருந்தது.

ஜோதிராவ் 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அளித்த வாக்குமூலத்தில், தாமும் தம் மனைவியும் பெண்கள் பள்ளியில் பல்லாண்டு சேர்ந்து பணியாற்றியதைக் குறிப்பிடுகிறார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும். கூடியமட்டும் உழவர் குலங்களிலிருந்து வருதல் வேண்டும். மாதச் சம்பளம் 12 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அதில் கேட்டார். மக்களோடு கலந்து பழகாமல், ஆசாரம் கருதி விலகி நிற்கும் ஆசிரியர் அப்பிள்ளைகளின் தேவையை அறியமாட்டார் என்பது அவர் கூறிய காரணம். தேர்ச்சிக் கணக்குப் பார்த்து மானியம் தரும் முறை ஏழைகளுக்கு ஒவ்வாது என்றும் எடுத்துரைத்தார். படிப்பில் இன்னும் சுவை காணாத மக்களிடையே அம்முறையை நம்பி எவர் பள்ளி திறப்பார்? எழுதியவர் ஜோதிராவ் எனினும், இவ்வரிகளில் வகுப்பறையில் நின்றவரின் பட்டறிவும் கலந்திருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

1890இல் ஜோதிராவ் மறைந்தார். வழக்கத்தை மீறி, இறுதிச் சடங்கில் அம்மையாரே முன்னின்றார். அதன்பின் சத்திய சோதக் சமாஜத்தின் பணிகளையும் ஏற்று நடத்தினார்.

1897இல் புனேயைப் பிளேக்கு நோய் சூழ்ந்தது. வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்த் ஊருக்கு வெளியே சிகிச்சை நிலையம் அமைத்தார். முண்ட்வா மகார் சேரியில் ஒரு சிறுவன் நோய் கண்டு கிடப்பதை அறிந்த அம்மையார், அறுபத்தாறு வயதில், அவனைத் தாமே சுமந்து அங்குக் கொண்டு சேர்த்தார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச்சு 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.