இழப்பிலே நம்பிக்கை கண்ட புனித தேவசகாயம்

யூபிலி என்ற சொல்லைக் கேட்டதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் அன்னதானமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டிலே யூபிலி ஆண்டு வேறொரு காரியத்திற்காக ஏற்படுத்தப்பட்டது. ஐம்பதாம் ஆண்டு வந்ததும், வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்திற்கே திரும்பவேண்டும். பிழைக்க வழியின்றித் தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் வீட்டிற்குப் போகவேண்டும். இதுவே லேவியர் ஆகமம் கூறும் சட்டம். ஆகவே நம் பங்கு யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், இழப்பாலும் கடனாலும் மனமுடைந்து நிற்கும் நம் சகோதர சகோதரிகளை நினைத்துப் பார்ப்பது பொருத்தமே. அவர்களுக்கு ஆறுதல் தரக்கூடிய வாழ்க்கை ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே உண்டு. தமிழகத்தின் வட எல்லையில் வாழும் நாம், அதன் தென்கோடியில் வாழ்ந்து மறைந்த புனித தேவசகாயத்தை இங்கே நினைவுகூருகிறோம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலம் என்னும் ஊரில் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள் அவர் பிறந்தார். நீலகண்டன் என்பது பெற்றோர் இட்ட பெயர். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. வசதியும் செல்வாக்கும் மிக்க இந்துக் குடும்பத்தில் வளர்ந்த அவர், மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியில் அமர்ந்து உயர்ந்தார். பார்கவி என்னும் பெண்ணை மணந்து இல்லறம் நடத்தினார். நிலம், மாடு, பதவி, மதிப்பு ஆகிய எல்லாம் அவருக்கு இருந்தன.

அப்படிப்பட்டவர் வீட்டில் துன்பம் நுழைந்தது. கால்நடைகள் மாண்டன, பயிர்கள் அழிந்தன, ஒன்றன்பின் ஒன்றாக இழப்புகள் வந்தன. இது ஏதோ தெய்வக் குற்றம், தன்னைப் பிடித்த சாபம் என்று எண்ணி அவர் உள்ளம் குன்றினார். அரண்மனைக்குச் சென்று வந்தாலும் முகத்திலே களை இல்லை.

அந்த முக வாட்டத்தைக் கவனித்தவர் ஓர் அந்நியர். டச்சுப் படையிலே பணிபுரிந்து, 1741-ல் நடந்த குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளித்த யூஸ்தேசியுஸ் டிலனாய் என்னும் கத்தோலிக்கர் அவர். தாமும் நாட்டையும் சுதந்தரத்தையும் இழந்து நின்றவர் ஆதலால், நண்பரின் வேதனை அவருக்கு விளங்கிற்று. நீலகண்டனுக்கு அவர் யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார்.

ஏழாயிரம் ஆடுகளும் மூவாயிரம் ஒட்டகங்களும் உடைய யோபு எல்லாவற்றையும் இழந்தார். பிள்ளைகளையும் பறிகொடுத்தார். உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்தார். ஆறுதல் கூற வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்று. வாய் திறந்தபோதோ, நீ செய்த பாவத்திற்கே இத்தண்டனை என்று வாதாடத் தொடங்கினார்கள். யோபு அதை ஏற்கவில்லை. இறைவனிடமே நேராக முறையிட்டார், அழுதார், வழக்காடினார். முடிவில் இறைவன் அந்த நண்பர்களையே கண்டித்தார், யோபுவைக் கைவிடவில்லை. துன்பம் வந்தவனெல்லாம் சபிக்கப்பட்டவன் அல்லன் என்ற இந்தச் செய்தி, நீலகண்டனின் நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கி வைத்தது.

அதன்பின் கிறிஸ்துவைப் பற்றி மேலும் மேலும் கேட்டறிந்தார். டிலனாயின் கடிதத்தோடு வடக்கன்குளம் சென்றார். பரஞ்சோதி நாதர் என்று நம்மவர்கள் அழைத்த சேசுசபைக் குரு புத்தாரி அடிகளார், 1745-ம் ஆண்டு மே 14-ம் நாள் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகிய தேவசகாயம் என்பது அவருக்குச் சூட்டப்பட்டது. கடவுளே துணை என்பது அதன் பொருள். துணையின்றித் தவித்தவருக்கு அதைவிடச் சிறந்த பெயர் ஏது? அவர் மனைவியும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று, தெரேசாள் என்பதன் தமிழாக்கமாகிய ஞானப்பூ என்னும் பெயரைத் தாங்கினார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, இங்கே நாம் சற்று நின்று கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. யோபு இழந்ததை எல்லாம் இருமடங்காகத் திரும்பப் பெற்றார். தேவசகாயத்திற்கு அப்படி நடக்கவில்லை. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகி, உணவருந்தி, விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்ட அவர்மீது பகைமை மூண்டது. அரச துரோகம், ஒற்று வேலை எனக் குற்றங்கள் சாட்டப்பட்டன. 1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ம் நாள் கைதானார். இருந்த பதவியும் போயிற்று. எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று அடித்ததாகவும், காயங்களில் மிளகாய்ப் பொடி தேய்த்ததாகவும் மரபு கூறுகிறது. பெருவிளையில் மரத்தோடு பிணைக்கப்பட்டிருந்த நாட்களில், அவரைத் தேடி வந்த ஏழை எளியவர்களுக்கு அவரே ஆறுதல் கூறி அனுப்பினாராம். ஏறக்குறைய மூன்று ஆண்டுத் துன்பத்திற்குப்பின், 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய எஞ்சிய உடற்பகுதிகள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

மாடும் பயிரும் அழிந்தபோது கலங்கியவர், உயிரே போகும்போது கலங்கவில்லை. இடையே நடந்தது என்ன? இழந்த செல்வம் திரும்பி வந்ததால் அவர் நம்பிக்கை கொள்ளவில்லை. தாம் கைவிடப்படவில்லை என்பதை அறிந்ததால் நம்பிக்கை கொண்டார். இதுவே கிறிஸ்தவ நம்பிக்கை. செபமாலை சொன்னால் கடன் மறைந்துபோகும் என்று திருச்சபை ஒருநாளும் போதிப்பதில்லை. கடனிலும் இறைவன் நம்மைவிட்டு அகலார் என்றே போதிக்கிறது.

நம் ஜவளகிரி வட்டாரத்தின் நிலைமையை நாம் அறியாதவர்கள் அல்லோம். காட்டிலிருந்து இறங்கும் யானைக் கூட்டம் ஒரே இரவில் ராகிக் கொல்லையை மிதித்துவிட்டுப் போகிறது. தக்காளி விலை விழுந்தால் பறிக்கும் கூலிக்கும் கட்டுவதில்லை. ஓசூர் ஆலையில் ஒப்பந்த வேலை நின்றால் வாரத் தவணை நிற்பதில்லை. ஒரு கடனை அடைக்க மறுகடன், அதற்கு மேலும் வட்டி. நகை அடகுக்குப் போனபின் வெளியே தலைகாட்டவும் வெட்கம். கோவிலுக்கு வருவதையும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். சிலருக்கு உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வருகிறது.

அத்தகையோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: தனியே சுமக்காதீர்கள். தேவசகாயம் மீண்டது ஒரு நண்பரிடம் மனம் திறந்ததால்தான். பங்குக் குருவிடமோ, நம்பிக்கையான உறவினரிடமோ இன்றே பேசுங்கள். கணக்கை மறைக்காமல் வீட்டாரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அநியாய வட்டி கேட்டு மிரட்டுவோரைத் தடுக்க 2003-ல் தமிழக அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது வெட்கமல்ல, உரிமை.

மற்றவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. யோபுவின் நண்பர்களைப்போல், ஊதாரித்தனம்தான் காரணம் என்று தீர்ப்புக் கூறுவது எளிது. டிலனாயைப்போல், வாடிய முகத்தைக் கண்டு அருகில் போய் விசாரிப்பதே கிறிஸ்தவனுக்கு அழகு.

2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்ற தேவசகாயத்தை, 2022-ம் ஆண்டு மே 15-ம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் பீடத்தின் மகிமை பெற்ற முதல்வர் அவரே. குருவோ துறவியோ அல்லர். மனைவி, நிலம், மாடு, வேலை, கவலை என நம்மைப்போல் வாழ்ந்தவர். அவர் திருநாள் ஜனவரி 14, பல ஆண்டுகளில் நாம் பொங்கலிடும் நாளிலேயே வருகிறது. அன்று பானை பொங்காத வீடு நம் பங்கில் எது என்று தேடிச் செல்வோமானால், நாம் கொண்டாடும் யூபிலி உண்மையான யூபிலி ஆகும்.

புனித தேவசகாயமே, கடன்பட்டுக் கலங்கும் எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.