ஹேபியர் அடிகளார் போன வீதி

1990 ஓகஸ்ட் 15. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நகரை நோக்கி ஸ்கூட்டரில் புறப்பட்ட 66 வயதுக் கத்தோலிக்கக் குருவும், அவருடன் சென்ற தமிழ் இளைஞர் ஒருவரும் நகருக்கு வந்து சேரவில்லை. இடைப்பட்ட தூரம் சுமார் 30 கிலோமீற்றர்தான். இன்றைக்கு பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் பயணம். அந்தப் பயணம் முடியாமலேயே 35 வருடங்களுக்கு மேல் கடந்துவிட்டன.

யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளாரை மட்டக்களப்பில் ஒரு தலைமுறை கூடைப்பந்துப் பயிற்றுநராகவே நினைவில் வைத்திருக்கிறது. அவர் காணாமற்போன கதையோ இன்னொரு விடயத்தையும் சொல்கிறது. குற்றத்துக்கு அஞ்சிய ஒரு சமூகம் அந்த அச்சத்தை எப்படி எதிர்கொண்டது என்பதே அது.

1923 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர் அவர். இளவயதிலேயே இயேசு சபையில் சேர்ந்தார். அக்காலத்தில் திருகோணமலை மறைமாவட்டத்தின் பணிகளுக்கு லூசியானாவிலிருந்து இயேசு சபையினர் வந்துகொண்டிருந்தார்கள். 1948 இல், இலங்கை சுதந்திரமடைந்த அதே ஆண்டில், ஹேபியரும் வந்தார். பின்னர் மட்டக்களப்பின் மனித உரிமைக் குரலாக அறியப்பட்ட ஹரி மில்லர் அடிகளாரும் அதே ஆண்டில் வந்தவர்தான். இளைஞர்களாக வந்த இருவரும் இங்கேயே முதுமையடைந்தார்கள்.

திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், 1873 இல் தொடங்கிய மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஹேபியர் அடிகளார் பணியாற்றினார். கொழும்பின் வசதியான பாடசாலைகளுக்கு ஈடாக ஆடக்கூடிய கூடைப்பந்து அணிகளைக் கிழக்கின் பையன்களைக் கொண்டு உருவாக்கினார். கடும் வெயிலிலும் பயிற்சி நடக்கும். மைதானத்தில் யார் எந்தச் சமயம், எந்தச் சாதி, எந்த ஊர் என்ற கேள்விக்கு இடமில்லை. பந்தை யாருக்குக் கொடுத்தால் புள்ளி விழும் என்பதுதான் கேள்வி. பரீட்சையில் சித்தியடையாமல் வீட்டில் இருந்த இளைஞர்களுக்காக மட்டக்களப்பில் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் ஒன்றையும் நடத்தினார். அங்கே கைத்தொழில் கற்றவர்கள் பலர் அதைக் கொண்டே குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

1980களில் மட்டக்களப்பில் அந்தப் பையன்களே காணாமற்போகத் தொடங்கினார்கள். சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்கள் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். இயக்கங்கள் கூட்டிச் சென்றவர்களும் உண்டு. பெற்றோர் எங்கே போய்க் கேட்பது? பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனவர் திரும்பி வருவாரா என்பதே சந்தேகமாக இருந்த காலம். களவு போனாலும் ஆள் போனாலும் வாயைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று சனம் கற்றுக்கொண்டது. அந்த மௌனத்துக்கு எதிராக எழுந்தவைதான் பிரஜைகள் குழுவும் சமாதானக் குழுவும். மதகுருமாரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து பெயர்களை எழுதினார்கள், திகதிகளைக் குறித்தார்கள், முகாம் வாசலில் போய் நின்று கேட்டார்கள். மில்லரும் ஹேபியரும் அந்த வேலையில் முன்னின்றவர்கள். அதன் விலையும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1988 ஜூனில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. கிழக்கில் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் கைப்பற்றினார்கள். சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பின்னர் இராணுவம் முன்னேறி வந்தது. முறைப்பாடு செய்ய ஓர் இடம்கூட இல்லாத நிலம் ஆயிற்று வாவிக்கரை.

அடுத்து வந்த வாரங்களை நினைத்துப் பார்ப்பது எந்தப் பக்கத்தவருக்கும் சுலபமல்ல. ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் அதிகமான தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். காத்தான்குடியைத் தவிர மற்ற மூன்று இடங்களும் வாழைச்சேனையிலிருந்து நகருக்கு வரும் அந்த ஒரே வீதியில்தான் இருக்கின்றன.

அச்சம் அந்த வீதியைத் துண்டு துண்டாக வெட்டியது. தமிழர் ஏறாவூரைத் தாண்டப் பயந்தார்கள். முஸ்லிம்கள் செங்கலடியைத் தாண்டப் பயந்தார்கள். படுவான்கரையில் வயல் வைத்திருந்த முஸ்லிம்களால் வயலுக்குப் போக முடியவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் எல்லையில் காவல் போட்டது. ஊர்காவல் படையினர் கையில் துவக்கு வந்தது. பக்கத்து ஊரில் யார் செய்தார் என்று தேடுவதை விட, பக்கத்து ஊரார் எல்லோருமே செய்தவர்கள் என்று எண்ணுவது இலகுவாயிற்று. குற்றம் செய்தவர்கள் சிலர். அதற்குத் தண்டனை அனுபவித்தவர்கள் அந்த வீதியால் போன யார் எவரோ.

இந்த நாட்களில்தான் வாழைச்சேனையில் சிக்கியிருந்த அருட்சகோதரிகளுக்கும் மக்களுக்கும் உதவுவதற்காக ஹேபியர் அடிகளார் அங்கே போனார். வெள்ளைக்காரர், வயதானவர், பாதிரியார் என்பதால் தன்னை விடுவார்கள் என்று அவர் எண்ணியிருக்கலாம். அதுவரையும் அந்த அங்கிக்கு அந்தளவு மதிப்பு இருந்தது. ஏறாவூர்க் கொலைகள் நடந்து மூன்று நாட்களே ஆகியிருந்த அந்த ஓகஸ்ட் 15 இல் அந்த மதிப்பும் போதவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பிரஜையாகப் பிறந்த ஒருவருடைய விடயத்திலேயே யாரும் தண்டிக்கப்படவில்லை என்றால், அவருடன் போன இளைஞனுக்காக யார் பதில் சொல்வார்?

மில்லர் அடிகளார் மட்டக்களப்பை விட்டுப் போகவில்லை. நண்பர் காணாமற்போன பிறகும் பல வருடங்கள் பெயர்களை எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கத்தின் குற்றங்களை மட்டும் அவர் எழுதவில்லை.

போர் முடிந்த பிறகும் அந்த அச்சம் எங்களை விட்டுப் போய்விடவில்லை. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் வந்தது. கிழக்கின் தமிழ், முஸ்லிம் கிராமங்கள் இரவிரவாகக் கண்விழித்தன. பெண்கள் தனியே கிணற்றடிக்குப் போகவும் பயந்தார்கள். துரத்தப்பட்டவர்கள் படைமுகாம்களுக்குள் ஓடினார்கள் என்று மக்கள் சொன்னார்கள், எல்லாம் வதந்தி என்று அதிகாரிகள் சொன்னார்கள். புத்தளத்தில் கூட்டத்தின் கையில் பொலிஸ்காரர் ஒருவர் இறந்தார். அந்நிய முகம் கண்ட இடத்தில் கட்டிவைத்து அடிப்பதும் நடந்தது. பொலிஸை நம்பாத ஊர் தானே பொலிஸாக மாறும்போது, அடி விழுவது பெரும்பாலும் வழிப்போக்கனுக்குத்தான். 2019 ஏப்ரலில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர், அந்தக் குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத முஸ்லிம் வியாபாரிகளின் கடைகளைத் தமிழர் ஒதுக்கியதையும் பார்த்தோம். 1990 இன் கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது போல இருந்தது.

பயப்படுவது குற்றமல்ல. இந்த மண்ணில் பயப்படாமல் இருந்திருந்தால் பலர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் பயத்துக்கு நாம் கொடுத்த பதில்கள் இரண்டு விதம். ஒன்று, எல்லையை மூடி, பக்கத்து ஊரைச் சந்தேகித்து, தன் பக்கத்து இறந்தவர்களை மட்டும் எண்ணுவது. மற்றது, பெயரை எழுதி, ஆளைத் தேடி, செய்தவரை மட்டும் பொறுப்பாக்கும்படி கேட்பது. முதலாவது உடனடியாக ஆறுதல் தரும். இரண்டாவது ஆபத்தானது, மெதுவானது, பல தடவை தோற்றும் போனது. ஹேபியர் அடிகளார் போன்றவர்கள் தேர்ந்தெடுத்தது அந்த இரண்டாவதைத்தான்.

காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் ஒரு கிளை இருக்கிறது. தங்கள் பிள்ளைகளின் படத்தைப் பிடித்தபடி வீதியில் நிற்கும் அம்மாமார் இன்னமும் கேட்பது அந்த இரண்டாவது வகைப் பதிலைத்தான். வாழைச்சேனை பஸ் இன்று ஏறாவூரில் நிற்கிறது, தமிழரும் முஸ்லிம்களும் ஏறி இறங்குகிறார்கள். வீதி திறந்துவிட்டது. ஆனால் அந்த வீதியில் 1990 இல் யார் யாருக்கு என்ன நடந்தது என்பதை, காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் வந்தாறுமூலைக்கும் சத்துருக்கொண்டானுக்கும் சேர்த்து, ஒரே மேசையில் வைத்து யாரும் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.